இந்த ஹாலில் எதையும் நகர்த்தக் கூடாது

கும்புடாதீங்க தம்பி. கையக் கீழ போடுங்க. அவ உயிரோடதான் இருக்கா. உங்களுக்குப் போன் பண்ணி வண்டி சொன்னது யாருன்னு நெனச்சீங்க? அவளேதான். பின்னாடி ரூம்ல உங்க ஆளுங்ககிட்ட கிரைண்டரப் பாத்துத் தூக்குங்கன்னு சொல்லிட்டு இருக்கறாளே, அந்தக் கொரலுக்குச் சொந்தக்காரிதான் அந்த மாலை போட்ட போட்டோவுல இருக்கறது. என் சம்சாரம். நாகமணி.

எல்லாரும் இப்பிடித்தானுங்க பண்றாங்க. கேஸ் சிலிண்டர் போடறவரு சிலிண்டர எறக்கி வெச்சுட்டு ஒரு நிமிஷம் கண்ண மூடி நின்னாரு. கண்ணத் தொறந்தா, எதுத்தாப்ல இவளே பணத்த நீட்டிட்டு நிக்கறா. அந்த மனுசன் அப்பறம் எங்க தெருவுக்கு வேற ஆள அனுப்ப ஆரம்பிச்சுட்டாரு.

உக்காருங்க. ம்ஹூம், சோபாவுல வேண்டாங்க. சோபா ஷாட்ல இருக்குது. இந்த பிளாஸ்டிக் சேர் என்னோடது, இதுல உக்காருங்க. அவங்க ஏத்தி முடிக்க நேரமாகும். சாமானெல்லாம் பின்வாசல் வழியாவே போகட்டும், இந்த ஹால் வழியா வேண்டாம்னு நாந்தான் சொல்லியிருக்கறேன். காபி குடுக்கலாம்னா, அடுப்பு அவ ரூமுக்குப் போயி ரொம்ப நாளாச்சு. நான் மெஸ்ல சாப்பிடறவன்.

விஷயம் இவ்வளவுதானுங்க. நீங்க சாமான் ஏத்தி முடிக்கறதுக்குள்ள நான் அந்தப் போட்டோவ எறக்குனா அவ போக மாட்டா. ஏத்துனதையெல்லாம் திருப்பி எறக்கச் சொல்லி உங்களுக்கு வாடகையக் குடுத்து அனுப்பிருவா. எறக்கலைன்னா போறா. இத எங்கிட்ட நேரா சொல்லல, மகளுக்குப் போன் பண்ணிச் சொல்லி, மக நேத்து ராத்திரி எனக்குப் போன் பண்ணிச் சொன்னா. ஒரே வீட்ல இருக்கறோம். பேச்சு பெங்களூர் போயிட்டு வருது.

நான் யாருன்னு உங்ககிட்ட சொன்னாளா? சொல்லியிருக்க மாட்டா. பாரியூராள் மூவீஸ் நாச்சிமுத்துன்னா ஒரு காலத்துல கோடம்பாக்கத்துல பாதி பேருக்குத் தெரியும். சரி, பாதி பேர் வேண்டாம், இந்த சாலிகிராமத்துல தெரியும். ‘மஞ்சக்காட்டு மாப்ள’ பாத்திருக்கீங்களா? உங்க ஊரு எது? திண்டிவனமா? திண்டிவனத்துல நல்லா ஓடுச்சுங்க. உங்க அப்பாவக் கேட்டுப் பாருங்க. அது நம்ம படம். அப்பறம் ரெண்டாவது ஒண்ணு எடுத்தேன், அத விடுங்க. மூணாவதுதான் இது. ‘கரைக்கு வந்த பரிசல்’. இதுதான் என் படம். மத்ததெல்லாம் இதுக்கு ஒத்திகைன்னு வெச்சுக்கங்க.

எனக்குச் சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம். மஞ்ச மண்டி வெச்சிருந்தோம். அந்தக் காலத்துல சினிமாக்காரங்களுக்கு வயக்காடு வேணும்னா கோபிக்குத்தான் வருவாங்க. ஒரு நாள் என் மண்டிக் களத்துல ஒரு பாட்டு எடுத்தாங்க. மஞ்சளக் குமிச்சு வெச்சு, நடுவுல அந்தப் புள்ள ஆடுது. டைரக்டர் ‘கட்’டுன்னதும் அத்தன சனமும் ஒண்ணா மூச்சு விட்டுது. நான் நின்னுட்டே இருந்தேன். சாயங்காலம் மண்டிக்குப் போயி தராசு முன்னால உக்காந்தேன், கை ஓடல. ஒரு வருசத்துல மண்டியத் தம்பிகிட்ட விட்டுட்டுக் குடும்பத்தோட இங்க வந்துட்டேன்.

நாகமணி அப்ப ஒரு வார்த்த சொல்லல. அதையும் சொல்லோணுமில்ல. மொதப் படத்துக்கு யூனிட்டுக்கே அவதான் சமையல். கேமராமேன்ல இருந்து லைட் தூக்கறவங்க வரைக்கும் அக்கா அக்கான்னு அவ கையால சாப்பிட்டாங்க. அவ வெக்கற அரிசியும் பருப்பும் சோத்துக்கு ஒரு வில்லன் நடிகரு வேற படத்து ஷூட்டிங்ல இருந்து ஓடி வந்துட்டாரு. அதுல ஒரே ஒரு கெட்டது என்னன்னா, சாப்பிட வர்றவங்க வாய மூடிட்டு சாப்பிட மாட்டாங்க. தொழில்ல இருக்கற அத்தன சென்டிமென்ட்டையும் அவ காதுல ஓதி வெச்சுட்டாங்க. இந்த வெனையெல்லாம் அங்க ஆரம்பிச்சதுதான்.

உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. சினிமாவுல ஒருத்தரு செத்த மாதிரி நடிச்சா, ஷாட் முடிஞ்சதும் அவர எந்திரிக்க வெச்சு, கேமராவப் பாத்துச் சிரிக்கச் சொல்லுவாங்க. அந்தச் சிரிப்பையும் கொஞ்சம் புடிப்பாங்க. படத்துல வராது அது, சும்மா தோஷம் கழியறதுக்கு. போட்டோவுக்கு மாலை போட்டாலும் அதே கதைதான். சீன் முடிஞ்ச கையோட மாலையக் கழட்டோணும், தேங்காய் சுத்தி ஒடைக்கோணும், போட்டோவுல இருக்கற ஆளு கேமரா முன்னால வந்து நின்னு சிரிக்கோணும். அந்தச் சிரிப்பச் சிரிக்காம எத்தன பெரிய நடிகரும் வீட்டுக்குப் போக மாட்டாங்க. நம்பிக்கைதானுங்க. உங்க வண்டியில எலுமிச்சம்பழம் கட்டியிருக்கறீங்களே, அது மாதிரி.

இந்தப் படத்துல ஹீரோவோட அம்மா செத்துப் போயிருக்கறாங்க. படம் பூரா அவங்க போட்டோவாத்தான் வர்றாங்க. வீட்ட விட்டு ஓடிப்போன பையன் கடைசியில திரும்பி வந்து அம்மா போட்டோவுக்கு முன்னால வுழுந்து அழுவறான். டைரக்டர் அந்த சீனச் சொன்னப்ப நான் அழுதுட்டேங்க. எங்க அம்மா சாவுக்கு நான் ஷூட்டிங்ல இருந்தேன், போக முடியல, அது வேற. அந்த ஒரு சீனுக்காகத்தான் இந்தப் படமே எடுத்தேன். செட் போடறதுக்குப் பதிலா என் வீட்டையே குடுத்தேன். இந்தப் பச்சை பெயிண்ட், அந்தக் காலண்டர், அந்தத் திரை, எல்லாம் ஆர்ட் டைரக்டர் வெச்சது.

அம்மா போட்டோவுக்கு ஒரு நடிகையப் பேசியிருந்தோம். மொத நாள் காலையில அந்தம்மா வந்து, மாலை போட்டுக்கக் கூடாதுன்னு ஜோசியர் சொல்லிட்டாருன்னு சொல்லிட்டு ஆட்டோ ஏறிட்டாங்க. நல்ல நேரம் போயிட்டு இருக்குது. ஹீரோ மேக்கப் போட்டு உக்காந்திருக்கறான். டைரக்டர் அங்கயும் இங்கயும் நடந்தவரு, ஷோகேஸ்ல இருந்த போட்டோ ஒண்ணப் பாத்துட்டு நின்னுட்டாரு. நாங்க பழனிக்குப் போயிருந்தப்ப எடுத்தது. ‘சார், இதான் சார் அம்மா’ங்கறாரு. உடனே ஸ்டூடியோவுக்கு அனுப்பிப் பெருசு பண்ணி, பிரேம் போட்டு, மதியத்துக்குள்ள மாட்டியாச்சு.

அவளக் கேக்காம இருப்பனா? அடுப்படியில யூனிட்டுக்கு உப்புமா கிண்டிட்டு இருந்தா. ‘நாகமணி, உன் போட்டோ ஒண்ணு சீன்ல வெச்சுக்கறோம்’னேன். சரின்னா. சந்தோசமாத்தான் சரின்னா, மூஞ்சி செவந்துருச்சு. மாலை போடறதெல்லாம் கதையில வர்றது, அத அடுப்படியில நின்னு வெளக்கிட்டு இருக்க முடியுங்களா? மோர் எடுத்துட்டு ஹாலுக்கு வந்தப்பத்தான் பாத்தா. தட்டக் கீழ போடல, சத்தம் போடல. அத்தன பேருக்கும் மோரக் குடுத்துட்டுத்தான் உள்ள போனா. அப்பறம் என்னைய மெதுவாக் கூப்பிட்டு, ‘சீன் முடிஞ்சதும் நான் சிரிக்கோணும், மறந்துராதீங்க மாமா’ன்னா. நானும் சரின்னேன்.

சீன் முடிஞ்சாத்தானுங்களே சிரிக்கறது? ஹால்ல எடுக்க வேண்டியதெல்லாம் எடுத்தாச்சு, கிளைமாக்ஸ் மட்டும் பாக்கி. ரெண்டே நாள் வேல. அந்த வாரம் பாத்து ஹீரோவோட வேற படம் ஒண்ணு ரிலீஸ் ஆச்சு. பேரு வேண்டாங்க, இப்ப அவன் பெரிய ஆளு. அந்தப் படம் பிச்சுட்டு ஓடுச்சு. அடுத்த நாள் காலையில அவனோட மேனேஜர் போன் பண்ணி, ‘சாருக்கு ஒரு சின்ன கேப் வேணும், அண்ணே’ன்னான். டைரக்டர் எங்கிட்ட, ‘சார், ஒரு வாரத்துல வந்துருவாரு. கன்டினியூட்டி முக்கியம். ஹால்ல ஒரு துரும்பு நகரக் கூடாது’ன்னாரு. கன்டினியூட்டின்னா என்னன்னா, முந்தின சீன்ல எது எங்க இருந்துதோ அடுத்த சீன்லயும் அது அங்கயே இருக்கோணும். மாறுனா தியேட்டர்ல ஜனம் சிரிச்சுருவாங்க.

அன்னிக்கு ஹீரோவுக்கு மீசை சரியா மொளைக்கல. இப்ப அவன் பொண்ணு பெரிய கிளாஸ் படிக்குது.

அவன் வருவானுங்க. போன வருசம் ஒரு கல்யாணத்துல பாத்தேன். கூட்டத்துல தள்ளிட்டுக் கிட்டப் போயி நின்னேன். ‘அண்ணே, நல்லாருக்கீங்களா? அந்தப் படம் இன்னும் முடிக்கலையா?’ன்னான். எத்தன படம் பண்ணியிருக்கறான், அதுல நம்ம படத்த ஞாபகம் வெச்சிருக்கறான் பாருங்க. அதுக்கப்பறம் மேனேஜர் போன எடுக்கல. பிசி. டைரக்டர் டிவி சீரியல் பண்றாரு, அதுவும் பிசி. படம் புடிச்ச நெகட்டிவ் வெச்சிருந்த லேபை மூடிட்டாங்க, டப்பாவெல்லாம் எடுத்துட்டு வந்து என் கட்டிலுக்கடியில வெச்சிருக்கறேன். எல்லாம் பத்திரமா இருக்குது. ரெண்டே நாள் வேல.

திரைய எதுக்கு மூடி வெச்சிருக்கறேன்னு பாக்கறீங்களா? வெயில் பட்டா பெயிண்ட் வெளுத்துரும். தெக்குப் பக்கம் கொஞ்சம் வெளுத்துருச்சு, நானே ஒரு டப்பாவுல அதே பச்சையக் கலந்து வெச்சுட்டு அப்பப்ப தொட்டு உடறேன். பேன் சத்தம் போடுது, மாத்த முடியாது, அது மூணு ஷாட்ல தெரியுது. ஏசி போடோணும்னு மக ஒத்தக்கால்ல நின்னா. செவுத்துல ஏசி இருந்தா கிளைமாக்ஸ்ல ஏழைப் பையன் எப்பிடிங்க வந்து அழுவான்? நான் படுக்கறது அந்த ரூம்ல. ஆனாத் தூக்கம் வராதப்ப இங்கதான் வந்து இந்தச் சேர்ல உக்காந்திருப்பேன். சில சமயம் மூச்சு முட்டுதுங்க தம்பி. பொய் சொல்லக் கூடாது. ஜன்னலத் தொறந்துரலாமான்னு கை போகும். தொறக்க மாட்டேன்.

இப்பச் சொல்லுங்க, இதுல நான் என்ன தப்புப் பண்ணுனேன்? அவளுக்கு ஒரு கொறை வெச்சனா?

மொத வருசம் பொங்கலுக்கு என் மச்சினன் சென்னியப்பன் ஊர்ல இருந்து வந்தான். சொல்லாம கொள்ளாம வந்தவன் வாசல்ல இருந்தே போட்டோவப் பாத்துட்டான். கரும்பக் கீழ போட்டுட்டுத் தலையில அடிச்சுட்டு, ‘எங்கிட்டச் சொல்லாமயே எல்லாத்தையும் முடிச்சுட்டீங்களா மாமா’ன்னு என் சட்டையப் புடிச்சுட்டான். அடுப்படியில இருந்து இவ கரண்டியோட ஓடி வர்றா. அவளப் பாத்ததும் அவன் என் சட்டைய விட்டுட்டு அப்பிடியே உக்காந்துட்டான். எனக்கு சிரிப்புத் தாங்கல. அவங்க ரெண்டு பேருக்கும் சிரிப்பு வரல. அக்காளும் தம்பியும் கையக் கோத்துட்டு அழுதுட்டு இருந்தாங்க. பொங்கலுக்குப் பொங்கல் பொங்கலீங்க அந்த வருசம்.

அப்பறம் மக சுகன்யாவப் பாக்க ஈரோட்டுல இருந்து மாப்பிள்ள வீட்டுக்காரங்க வந்தாங்க. நாகமணி முந்தின நாளே சொன்னா, நாளைக்கு மட்டும் எறக்கிருங்க மாமான்னு. நான் அவ்வளவு மோசமானவன் இல்லீங்க. எறக்கல, ஆனா ஒரு துண்டப் போட்டு மூடி வெச்சேன். நல்ல சித்திரை வெயிலு. வந்தவங்களுக்கு வேர்க்குதேன்னு யாரோ பேனப் போட்டுட்டாங்க. துண்டு பறந்துபோயி மாப்பிள்ளையோட அப்பா மடியில வுழுந்துது. மாப்பிள்ளையோட அம்மா போட்டோவப் பாக்கறாங்க, பஜ்ஜித் தட்டோட நிக்கற இவளப் பாக்கறாங்க. மறுபடி போட்டோவப் பாக்கறாங்க. அப்பறம் ரொம்ப மரியாதையாக் கேட்டாங்க, ‘நீங்க பொண்ணுக்குச் சித்திங்களா?’ன்னு.

அந்த எடத்துல இவ சிரிச்சு சமாளிச்சிருக்கலாமில்ல? நான் வெளக்கிச் சொன்னேன், கதையக் கூடச் சொன்னேன், கிளைமாக்ஸ் வரைக்கும். அவங்க காபியக் குடிச்சுட்டுப் போயிட்டாங்க. அதனால என்னங்க, சுகன்யாவுக்கு அதவிட நல்ல எடமாத்தான் அமைஞ்சுது. நிச்சயத்த மண்டபத்துலயே வெச்சுட்டோம்.

மூட்டையெல்லாம் ஏறிருச்சுங்களா? இன்னும் பீரோ இருக்குதா? சரி, சரி. மெதுவா ஏத்தட்டும், அவசரமில்ல.

அவ பேச்ச நிறுத்துனது எப்பன்னு சொல்றேன் கேளுங்க. அவளுக்கு வயித்துல கட்டின்னு ஆப்பரேஷன் பண்ணோணும்னு சொல்லிட்டாங்க. பெரிய ஆப்பரேஷன். ஆஸ்பத்திரிக்குக் கெளம்பற அன்னிக்குக் காலையில ஆட்டோ வாசல்ல நிக்குது. பையெல்லாம் வெச்சாச்சு. இவ ஹாலுக்கு வந்தா. அதுக்கு முன்னால அவ ஹால்ல நிக்கறதையே விட்டுட்டா, போறப்ப வர்றப்பத் தலையக் குனிஞ்சுட்டுப் போயிருவா. அன்னிக்கு நேரா வந்து போட்டோவுக்குக் கீழ நின்னா. ‘ஏனுங்க மாமா, அத எறக்க வேண்டாம். மாலைய மட்டும் கழட்டுங்க. நான் சிரிக்கறேன். உங்க போன்லயே அந்தச் சிரிப்ப எடுத்துக்கங்க. எடுத்துட்டு மறுபடி மாலையப் போட்டுக்கங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்’னா. சொல்லிட்டு முடியச் சரி பண்ணிட்டு நிக்கறா.

யோசிச்சுப் பாருங்க தம்பி. கேக்கறதுக்கு ஒண்ணுமில்லாத மாதிரித்தான் இருக்குது. ஆனா சீன் முடியாம அந்தச் சிரிப்ப எடுத்தா என்ன அர்த்தம்? சீன் முடிஞ்சுதுன்னு அர்த்தம். அதுக்கப்பறம் அந்தப் படத்துக்கு யாரும் வர மாட்டாங்க, கேமரா வராது, ஹீரோ வர மாட்டான். தொழில்ல இருக்கற யாரக் கேட்டாலும் இதத்தான் சொல்லுவாங்க. அவளுக்கு ஒரு சென்டிமென்ட்னா எனக்கு ஒரு சென்டிமென்ட் இருக்கக் கூடாதா? அதுவும் அந்த வாரம் பாத்து மேனேஜர், ‘அடுத்த மாசம் டேட் பாக்கறேன் அண்ணே’ன்னு சொல்லியிருந்தான். நான் சொன்னேன், ‘நீ நல்லபடியா வந்துரு நாகமணி, வந்ததும் பாத்துக்கலாம்’னேன். அவ போட்டோவ ஒருக்காப் பாத்தா. என்னைய ஒருக்காப் பாத்தா. போயி ஆட்டோவுல ஏறிட்டா.

ஒண்ணும் ஆகலையே! நல்லபடியாத்தான் வந்தா. டாக்டரே ஆச்சரியப்பட்டாரு. நான் ஹாலுக்குள்ள கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து, ‘பாத்தியா? மாலை போட்டுத்தான் இருந்துது, உனக்கு என்ன ஆச்சு? இத்தன நாள் சும்மா பயந்துட்டு இருந்தே’ன்னேன். ஆறுதலுக்குத்தானுங்க சொன்னேன். அவ கைய எடுத்துக்கிட்டா.

அன்னையில இருந்து எங்கிட்டப் பேசறதில்ல. மொதல்ல தொண்டை சரியில்ல போலன்னு நெனச்சேன். அப்பறம் மகதான் சொன்னா, ‘அந்த வீட்ல நான் செத்தாச்சு. மாலை போட்டுக் கெடக்கறவ எப்பிடிப் பேசுவா, எப்பிடிச் சோறு ஆக்குவா’ன்னு அம்மா சொல்லுதுப்பான்னு. அடுப்ப எடுத்துட்டுப் பின்னாடி ரூமுக்குப் போயிட்டா. அங்கிருந்து பருப்புப் பொடி, இட்லிப் பொடி, கொள்ளுப் பொடின்னு அரைச்சுக் கடைகளுக்குக் குடுக்க ஆரம்பிச்சா. நல்லாப் போகுதாமா. வறுக்கற வாசம் இங்க வரைக்கும் வரும். வந்து எனக்கென்ன? மெஸ்ல இருந்து வந்த சாப்பாட்டுப் பொட்டலத்தப் பிரிச்சு வெச்சுட்டு, அந்த வாசத்துலதான் சாப்பிடறேன். ரெண்டு தடவ கதவத் தட்டி, ‘கொஞ்சம் பொடி குடு நாகமணி’ன்னேன். கதவு தொறக்கல. மறுநாள் வாசப்படியில ஒரு பாக்கெட் இருந்துது. கடைக்குப் போற பாக்கெட்டு, வெல ஒட்டுனது.

நீங்க நெனைக்கறது எனக்குத் தெரியுது. ஒரு போட்டோவுக்குப் போயி இப்பிடியான்னு நெனைக்கறீங்க. எறக்கிட்டுப் பொண்டாட்டியக் கூப்புட்டுக்க வேண்டியதுதானேன்னு. உங்களுக்கு இந்தத் தொழில் தெரியாது. அத எறக்குனேன்னு வெய்யுங்க, சாயங்காலத்துக்குள்ள இந்த சாலிகிராமம் பூரா டீக்கடைக்கு டீக்கடை பேச்சாயிரும். நாச்சிமுத்து செட்டப் பிரிச்சுட்டான், படம் டிராப்புன்னு. இப்ப யாராவது என்னையப் பாத்தா, ‘படம் எந்த அளவுல இருக்குது சார்’னு கேப்பாங்க. கேலியாக் கேக்கறவங்களும் கேக்கறாங்க, தெரியும். ஆனாக் கேக்கறாங்கல்ல? ரெண்டே நாள் வேலைன்னு நான் சொல்றேன்ல? அத எறக்கிட்டா அப்பறம் என்னைய என்னன்னு கேப்பாங்க? நான் யாருங்க? மண்டியில எனக்கு எடமில்ல, தம்பி மகன் உக்காந்திருக்கறான். இங்க இந்த ஹால விட்டா எனக்கு வேற எதுவும் இல்ல.

அவளும் வேணும் தம்பி. அவ இல்லாம எனக்கு ஒரு நாளும் ஓடாது. பேசலைன்னாலும் பின்னாடி ரூம்ல அவ நடமாடற சத்தம் கேட்டுட்டே இருக்கும். அதுல ஒரு தெம்பு.

இன்னிக்குக் காலையில என்ன நடந்துதுன்னு உங்களுக்கு மட்டும் சொல்றேன். ராத்திரி பூரா யோசிச்சு முடிவுக்கு வந்துட்டேன். எறக்கிர்றதுன்னு. சத்தியமா. விடிஞ்சதும் ஸ்டூல எடுத்துட்டு வந்து போட்டேன். கால் ஒண்ணு ஆடுது அந்த ஸ்டூலு. எனக்கும் வயசாச்சு, ஏறிட்டுக் கீழ பாத்தாத் தலை சுத்துது. ‘நாகமணி, ஸ்டூலக் கொஞ்சம் வந்து புடி’ன்னேன். வர மாட்டான்னுதான் நெனச்சேன்.

வந்தா. தலைக்குக் குளிச்சு, அந்த மாம்பழக் கலர் சேலையக் கட்டியிருந்தா. குனிஞ்சு ரெண்டு கையாலயும் ஸ்டூல அழுத்திப் புடிச்சுட்டா. மேல இருந்து பாக்கறப்ப அவ வகிடு தெரிஞ்சுது, பூரா நரைச்சுருச்சு. போட்டோவுல கருகருன்னு இருக்குது. நான் ரெண்டு கையாலயும் பிரேமப் புடிச்சேன். ஆணியில இருந்து தூக்கக்கூடத் தூக்கிட்டேன், ஒரு விரக்கடை. அவ மொகத்தத் தூக்கி என்னைப் பாத்தா. சிரிக்கறதுக்குத் தயாரா இருக்கற மாதிரி இருந்துது தம்பி, அந்த மொகம். இத்தன வருசமா வெச்சிருந்த சிரிப்பு, அப்பிடியே உதட்டுகிட்ட வந்து நிக்குது.

கண்ணாடியில தூசியா இருந்துது. பிரேமுக்குப் பின்னால ஒட்டடை வேற. எத்தன நாளாக் கவனிக்காம விட்டுட்டேன்னு மனசு கேக்கல. துண்ட எடுத்து நல்லாத் தொடச்சேன். தொடச்சுட்டுப் பாத்தா எடது பக்கம் கொஞ்சம் சாஞ்சு இருக்கற மாதிரி இருந்துது. நேரா வெச்சேன். மாலையச் சரி பண்ணி விட்டேன். அப்பறம் எறங்கிட்டேன்.

ஏன்னு எனக்கே தெரியல தம்பி. கைதான் பண்ணுச்சு.

நான் ரெண்டு காலையும் தரையில வெக்கற வரைக்கும் அவ ஸ்டூல விடலீங்க. அப்பறம் விட்டுட்டு உள்ள போயிட்டா. கொஞ்ச நேரத்துல உங்களுக்குப் போன் பண்ற சத்தம் கேட்டுது.

ஏத்தி முடிச்சாச்சா? அதுக்குள்ளயா? பீரோவுமா?

அதா வர்றா. எந்திரிக்காதீங்க, உக்காருங்க, அவ எதாவது சொல்லுவா. நாகமணி, இவரு திண்டிவனத்துக்காரரு, நம்ம மொதப் படம் அங்க நல்லா ஓடுச்சுன்னு சொல்லிட்டு இருந்தேன். தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியா? மாத்திரை? எந்தப் பக்கம் வீடு பாத்திருக்கறேன்னு மட்டும் சொல்லு. வர மாட்டேன், சும்மா தெரிஞ்சுக்கத்தான்.

தம்பி, நீங்க எதுக்குங்க அவகிட்டக் கேக்கறீங்க, போட்டோவ எடுத்துக்கலையான்னு?

என்ன சொன்னா? ‘அந்தம்மா இங்கயே இருக்கட்டும்’னா? அந்தம்மாவா? எங்கிட்டயா சொன்னா, உங்ககிட்டயா சொன்னா? உங்ககிட்டத்தான் சொன்னா. பரவால்ல. இந்த ஹால்ல அவ பேசி எத்தன வருசமாச்சு தெரியுங்களா. கொரல் அப்பிடியேதான் இருக்குது.

முன் சீட்டுல உக்கார வெய்யுங்க தம்பி, ஏறறதுக்குக் கை குடுங்க, அவளுக்கு வயித்துல தையல் போட்ட எடம் இன்னும் வலிக்கும். மேடு பள்ளம் பாத்து ஓட்டுங்க. நான் வாசல் வரைக்கும் வர்றேன்.

அப்பறம், ரிவர்ஸ் எடுக்கறப்ப மெதுவா எடுங்க, கேட்டுல ஒரசிறாதீங்க. ஹீரோ அந்த கேட்டத் தொறந்துட்டுத்தான் வீட்டுக்குத் திரும்பி வர்றான்.